நிர்வாக வேலையிலிருந்து சவாலான வேலைக்கு: தடம் விடாத உழைப்புக்குத் தடம் போடுவது எப்படி

ஒன்பது வருடம் நிர்வாக உதவியாளராக வேலை பார்த்திருக்கிறேன். காலண்டர், மீட்டிங், பயண ஏற்பாடு, பில், ஃபைல், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மேசை நாற்காலி வரை எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு வருட மதிப்பீட்டிலும் எனக்குக் கிடைத்த வாசகம் ஒன்றுதான்: "உங்க பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை." அதைப் பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு கொள்முதல் பிரிவில் ஓர் இடம் காலியானது. கேட்டுப் பார்த்தேன். வந்த பதிலில் இரண்டு வாக்கியம் இருந்தது. "நீங்க போயிட்டா இந்த சீட்டை யார் பார்க்கறது?" என்பது ஒன்று. "அதோட, கொள்முதல்ல உங்களுக்கு என்ன அனுபவம் இருக்கு?" என்பது இன்னொன்று. மூன்று வருடமாக அந்த அலுவலகத்தின் சப்ளையர்கள் அத்தனை பேரோடும் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

இரண்டு கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. நிர்வாக வேலையை நன்றாகச் செய்தால் தடமே இருக்காது. கூட்டம் நேரத்துக்குத் தொடங்கும். எல்லோர் கையிலும் சரியான தாள் இருக்கும். அதற்குப் பின்னால் போன பதினான்கு மெயில்கள் யார் கண்ணிலும் படாது. வேலை தவறும் அன்றுதான் அது ஒரு வேலை என்றே மற்றவர்களுக்குத் தெரியவரும். அதனால் இங்கிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்குப் புதிதாகப் படிப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: ஏற்கெனவே செய்ததைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எது சலித்துவிட்டது என்று பிரித்துப் பாருங்கள்

"வேலை போரடிக்கிறது" என்ற ஒரே பேச்சுக்குள் நான்கு வேறு விஷயங்கள் இருக்கலாம். சம்பளம் போதவில்லை. மேலாளரோடு ஒத்துப்போகவில்லை. மரியாதை கிடைக்கவில்லை. மூளைக்கு வேலை இல்லை. முதல் மூன்றுக்கும் வேறு நிறுவனத்தில் இதே வேலை போதுமான மருந்தாக இருக்கலாம். நல்ல நிறுவனத்தில், நல்ல தலைவரோடு வேலை செய்யும் மூத்த நிர்வாக உதவியாளர்கள் நிறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது குறைந்த வேலை இல்லை. நான்காவது காரணம் உங்களுடையது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

அப்படியானால் எந்த மாதிரிச் சவால் வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு வேண்டுமா, ஒரு விஷயத்தில் ஆழமான தேர்ச்சி வேண்டுமா, ஆட்களை வழிநடத்த வேண்டுமா? மூன்றும் வேறு வேறு பாதை. முதலாவதை விரும்புகிறவர் டேட்டா படிப்பில் ஒரு வருடத்தைச் செலவழித்துவிட்டு, நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பார். இதற்கு ஒரு மாலை போதும், அதற்கு மேல் யோசிக்காதீர்கள். மீதி தெளிவு அடுத்த படியில் தானாக வரும்.

பத்து வேலை நாள் குறிப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ எடுத்து, பத்து வேலை நாளுக்கு, செய்த ஒவ்வொரு காரியத்தையும் நான்கு பத்தியில், அதாவது நெடுவரிசையில், எழுதுங்கள். என்ன செய்தேன். யார் கேட்டார்கள், அல்லது யாரும் கேட்காமலே செய்தேனா. நானாக எடுத்த முடிவு என்ன. நான் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

முதல் பத்தி எளிது. மூன்றாவதை நிரப்பும்போது கை நிற்கும். "நான் எங்கே முடிவெடுத்தேன், சொன்னதைத்தானே செய்தேன்" என்று தோன்றும். நின்று யோசியுங்கள். இரண்டு மேலாளர்கள் ஒரே நேரத்துக்கு ஒரே அறையைக் கேட்டபோது யாருக்குக் கொடுத்தீர்கள், ஏன்? சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸில் தொகை பர்சேஸ் ஆர்டரோடு, அதாவது நாம் கொடுத்த கொள்முதல் உத்தரவோடு, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினீர்களே, அது யார் சொல்லி? ஐந்து பேரிடம் பதில் வாங்க வேண்டிய விஷயத்தில் முதலில் யாரைக் கேட்டால் மற்ற நால்வரும் ஒத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததே, அது என்ன சாதாரணமா?

நான்காவது பத்திதான் புதையல். என் குறிப்பிலிருந்து ஒரு வரி: "பராமரிப்பு ஒப்பந்தம் 30ஆம் தேதி முடிகிறது என்று கவனித்து நினைவூட்டினேன். விட்டிருந்தால் பழைய விலையிலேயே தானாக இன்னொரு வருடம் புதுப்பிக்கப்பட்டிருக்கும்." செய்தபோது இது எனக்கு ஒரு நினைவூட்டல் மெயில். எழுதிப் பார்த்தபோது ஒப்பந்த மேலாண்மை. அந்தச் சொல்லை அதுவரை எனக்கு நானே பயன்படுத்திக்கொண்டதில்லை.

பத்து நாள் முடிந்ததும் இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். நேரம் போனதே தெரியாமல் செய்தவற்றுக்கு ஒரு நிறம், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுச் செய்தவற்றுக்கு இன்னொன்று. நன்றாகச் செய்வதும் பிடித்துச் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பயண ஏற்பாட்டில் நான் கெட்டிக்காரி என்று பெயர். அந்த வரிகள் எல்லாமே எனக்கு இரண்டாவது நிறத்தில்தான் வந்தன.

எந்த இழையைப் பிடித்து இழுப்பது

நிர்வாக வேலை என்பது ஒரு வேலை இல்லை. ஏழெட்டுத் துறைகளின் நுனிகள் ஒரே மேசையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. உங்கள் குறிப்பில் முதல் நிறம் எங்கே கூடுகிறதோ, அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு துறை வரும்.

கூட்டக் குறிப்பு எடுத்து, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று துரத்திக்கொண்டிருப்பவரா? அது திட்ட ஒருங்கிணைப்பு. ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்ற பெயரில் வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இதுதான். அங்கிருந்து திட்ட மேலாண்மைக்கு ஏணி இருக்கிறது. நிர்வாக வேலையிலிருந்து போகிறவர்களுக்கு மிக அருகில் இருக்கும் கதவு இது என்பது என் எண்ணம். காலக்கெடு, ஆட்கள், சிறு சிறு முரண்பாடுகள் எல்லாம் நமக்குப் பழகியவை. பழகாதவை இரண்டு: செலவுக் கணக்கை நாமே வைத்திருப்பது, தாமதமாகும் என்று மேலே உள்ளவரிடம் முன்கூட்டியே சொல்லும் தைரியம்.

விலைப்புள்ளி வாங்குவது, இன்வாய்ஸ் சரிபார்ப்பது, சப்ளையரோடு பேசுவது என்றால் கொள்முதல். புதியவர்களைச் சேர்ப்பது, விடுப்புக் கணக்கு, யாருக்கு என்ன குறை என்று காதில் விழுவது என்றால் மனிதவளம். ஷீட்டுகளும் மாத அறிக்கைகளும் என்றால் டேட்டா அனலிஸ்ட் பக்கம். "இந்தப் படிவத்தை ஏன் மூன்று தடவை நிரப்ப வேண்டும்" என்று எரிச்சல் வந்து நீங்களே அதை மாற்றி அமைத்தவர் என்றால், பிசினஸ் அனலிஸ்ட் வேலையின் அடிப்படை உங்களிடம் இருக்கிறது. வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு, வரைந்து, எங்கே சிக்கல் என்று சொல்வதுதான் அவர்கள் வேலை.

சட்டம், தணிக்கை, மருத்துவம் சார்ந்த வேலைகள் தனி. உரிமமும் பல வருடப் படிப்பும் இல்லாமல் அங்கே கதவு திறக்காது. ஆசை அங்கே இருந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் அதற்கு இந்த வழிகாட்டி போதாது. அது படிப்புத் திட்டம். பணமும் வருடங்களும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியது.

இரண்டு பேரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பெட் நெஸ்மித் கிரஹாம் வங்கி ஒன்றில் செயலாளராக இருந்தவர். மின் தட்டச்சு எந்திரத்தில் அடித்த பிழையை அழித்தால் தாள் கறுத்துப்போகும் என்ற தொல்லைக்கு, ஓவியர்கள் பிழையின் மேல் வண்ணம் பூசி மறைப்பதைப் பார்த்து ஒரு வெள்ளைத் திரவம் தயாரித்தார். 1956இல் அதை விற்கத் தொடங்கினார். நாம் அழிப்பானாகப் பயன்படுத்திய லிக்விட் பேப்பர் அதுதான். 1979இல் அந்த நிறுவனத்தை ஜில்லெட் வாங்கியது. எல்லோரும் தொழில் தொடங்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தன் மேசையில் இருந்த தொல்லையைத் தொல்லையாக மட்டும் பார்க்காமல் பொருட்படுத்தினார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்றவர் உர்சுலா பர்ன்ஸ். 1980இல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பயிற்சி மாணவியாக நுழைந்த பொறியாளர். 1990இல் ஒரு மூத்த அதிகாரிக்கு நிர்வாக உதவியாளராக வரச் சொன்னபோது, இது முன்னேற வழியில்லாத இடமாயிற்றே என்று தயங்கியிருக்கிறார். பிறகு சேர்ந்தார். அடுத்த வருடம் நிறுவனத் தலைவருக்கே உதவியாளரானார். 2009இல் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. அவர் கையில் பொறியியல் பட்டம் இருந்தது, நம்மில் பலரிடம் இல்லை. அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த நாற்காலி என்ன கொடுத்தது என்று பாருங்கள். முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை அறைக்குள்ளேயே இருந்து பார்க்கும் வாய்ப்பு. அது உங்களிடமும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் குறிப்பு எடுக்கும்போது, என்ன முடிவு என்பதோடு, எந்தக் காரணம் மற்றக் காரணங்களை வென்றது என்பதையும் உங்களுக்காக ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசிய இரகசியங்களை வெளியே கொண்டுபோகாதீர்கள். காரணம் ஆராயும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபது விளம்பரம் படித்த பிறகே பணம் கட்டுங்கள்

பாதை ஓரளவு தெரிந்ததும் எல்லோரும் செய்வது, ஒரு சான்றிதழ் வகுப்பில் சேர்வது. பொறுங்கள். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு இருபது விளம்பரங்களைத் தேடி எடுங்கள். தொடக்க நிலை, அதற்கு ஒரு படி மேல், இரண்டு மட்டும். ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு ஷீட்டில் வரிசையாகப் போட்டு எண்ணுங்கள். பன்னிரண்டில் எக்செல் வந்து இரண்டில் மட்டும் ஒரு சான்றிதழ் வந்தால், மாலை நேரத்தை எதில் போடுவது என்று தெரிந்துவிடும். ஒரே வேலைக்குப் பல பெயர்கள் இருப்பதும் அப்போதுதான் தெரியும். கோஆர்டினேட்டர், அசோசியேட், ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று பெயர் எதுவாக இருந்தாலும் கீழே உள்ள பொறுப்புகளைப் படியுங்கள்.

எக்செல் எல்லாப் பாதைக்கும் வரும் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. நம்மில் பலர் அதை அழகாகக் கட்டம் போட்ட தாளாகத்தான் பயன்படுத்துகிறோம். முதல் மாற்றம் பார்முலாவில் இல்லை. ஒரு வரிசைக்கு ஒரு விஷயம், ஒரு பத்திக்கு ஒரே வகைத் தகவல், நடுவில் காலி வரிசை இல்லை, இணைத்த கட்டங்கள் இல்லை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஃபில்டர் (வேண்டியதை மட்டும் வடிகட்டுவது), லுக்கப் (வேறு பட்டியலிலிருந்து தேடி எடுப்பது), பிவட் டேபிள் (தொகுத்துக் கூட்டிக் காட்டுவது) மூன்றும் சில வார மாலைகளில் கைக்கு வந்துவிடும். அதன்பின் எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் க்வெரி. மாதா மாதம் அதே ஃபைலை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் வேலையை அது தானாகச் செய்துவிடும்.

டேட்டா பக்கம் போகிறவர்களுக்கு எஸ்க்யூஎல் கட்டாயம். தரவுத்தளத்திடம் வேண்டிய தகவலைக் கேட்டு வாங்கும் மொழி அது. 1970களில் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன, இது நிற்கிறது. செலக்ட், வேர், குரூப் பை, ஜாயின் என்ற நான்கு கட்டளைச் சொற்களையும் நன்றாகப் புரிந்துகொண்டால் தொடக்க நிலை வேலைக்குத் தேவையானதில் பெரும்பகுதி வந்துவிடும்.

திட்ட மேலாண்மைச் சான்றிதழ்களில் குழப்பம் அதிகம். பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) என்ற அமைப்பு நடத்தும் தேர்வுகளில் பெயர் பெற்றது பிஎம்பி. அதை எழுத, பட்டதாரியாக இருந்தாலும், திட்டங்களை வழிநடத்திய மூன்று வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். அது தெரியாமல் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, விண்ணப்பிக்கவே முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புதியவர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் இருக்கிறது. அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி இருந்தால் போதும். எதுவானாலும் பணம் கட்டும் முன் அந்த அமைப்பின் தளத்திலேயே தகுதி விதிகளைப் படித்துவிடுங்கள். பயிற்சி நிலையம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு துண்டு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

படிப்பு கதவுவரை கொண்டுபோய் விடும். உள்ளே விடுவது, "இதை நான் பொறுப்பேற்று முடித்தேன்" என்று சொல்ல ஒரு விஷயம் இருப்பது. அதை இப்போதைய வேலையிலிருந்தே எடுக்கலாம்.

நான் முதலில் செய்த தவறு, மேலாளரிடம் போய் "எனக்கு இன்னும் சவாலான வேலை கொடுங்க சார்" என்றது. அவருக்கு மனசு இருந்தது. ஆனால் என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு பிரிவின் காலண்டரையும் சேர்த்துக் கொடுத்தார். சவால் என்று நான் சொன்னது அவருக்கு "இன்னும் அதிக வேலை" என்று கேட்டிருக்கிறது. ஆகவே கேட்கும்போது வேலையை நீங்களே வெட்டி எடுத்துக் கையில் கொண்டுபோங்கள். இரண்டாவது தடவை நான் இப்படிக் கேட்டேன்: "சார், நம்ம பராமரிப்பு ஒப்பந்தங்கள் எப்ப முடியுதுன்னு ஒரே இடத்துல பட்டியல் இல்லை. மூணு மாசத்துல அதை நான் தயார் பண்றேன். புதுப்பிக்கறதுக்கு முன்னாடி வேற ரெண்டு விலைப்புள்ளி வாங்கி உங்ககிட்ட வைக்கறேன். இதுக்கு வாரத்துல மூணு மணி நேரம் வேணும். அதுக்குப் பதிலா தினசரி வருகை அறிக்கையை வாரம் ஒரு தடவையா மாத்திக்கலாமா?"

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எதைக் குறைப்பது என்று சொல்லாமல் புது வேலை வாங்கினால், அது உங்கள் இரவுகளிலிருந்துதான் போகும்.

எப்படிப்பட்ட துண்டைத் தேர்வு செய்வது? தொடக்கமும் முடிவும் உள்ளதாக இருக்கட்டும். முன்பும் பின்பும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று அதில் இருக்கட்டும்: நாட்கள், பிழைகள், செலவு, புகார்கள். உங்கள் பிரிவுக்கு வெளியே ஒருவராவது அதன் பலனைப் பார்க்கட்டும். தொடங்கும் முன் இப்போதைய நிலையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடித்தபின் "முன்பு எவ்வளவு நாளாகும்?" என்று யாராவது கேட்டால் நினைவிலிருந்து சொல்ல முடியாது. இது எனக்கே நடந்தது. ஒரு நல்ல வேலையின் பாதி மதிப்பு அதில் போனது.

மேலாளர் மறுத்தால்? மூன்று மாதம் கழித்து இன்னொரு துண்டோடு போங்கள். மறுபடியும் மறுத்தால், இந்த நிறுவனத்துக்குள் வழி இல்லை என்று உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. வெளியே ஒரு தொண்டு அமைப்பிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ அதே அளவு வேலையை எடுத்துச் செய்து காட்டலாம். அதுவும் அனுபவம்தான்.

ஆட்களிடம் பேசுவது

1973இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் புதிய செய்தி கொண்டுவருவார் என்பது அவர் விளக்கம்.

இதில் நிர்வாக வேலையில் இருப்பவர்கள் பெரிய பணக்காரர்கள். யோசித்துப் பாருங்கள். எல்லாப் பிரிவிலும் ஒருவரைத் தெரியும். சப்ளையர் நிறுவனங்களில் ஆட்களைத் தெரியும். வேலையை விட்டுப் போனவர்களின் கடைசி நாள் காகிதங்களை நீங்கள்தான் முடித்துக் கொடுத்தீர்கள். அவர்கள் இன்று வேறு இடங்களில் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பட்டியலிடுங்கள். நீங்கள் போக விரும்பும் வேலையில் இருக்கும் நான்கைந்து பேருக்கு எழுதுங்கள்.

வேலை கேட்டு எழுத வேண்டாம். "நான் கொள்முதல் பக்கம் வர யோசிக்கிறேன். உங்க வேலை நிஜத்துல எப்படி இருக்கும்னு இருபது நிமிஷம் கேட்டுத் தெரிஞ்சுக்கலாமா?" என்று எழுதினால் பெரும்பாலும் சரி என்பார்கள். பேசும்போது "உங்க வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். "நேத்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். "புதுசா வர்றவங்க முதல் ஆறு மாசத்துல எங்க தடுமாறறாங்க?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில், நீங்கள் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதற்கான பாடத்திட்டம். முடிந்ததும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அவர் சொன்ன ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். அப்போதுதான் நீங்கள் அவர் நினைவில் நிற்பீர்கள்.

ரெஸ்யூமேயில் வினைச்சொல்லை மாற்றுங்கள்

பத்து நாள் குறிப்பு இங்கே மறுபடி வேலைக்கு வருகிறது. நிர்வாக வேலைக்காரர்களின் ரெஸ்யூமே பெரும்பாலும் பொறுப்புகளின் பட்டியலாகவே இருக்கும்: "கூட்டங்களை ஏற்பாடு செய்தல், கோப்புகளைப் பராமரித்தல், பயண ஏற்பாடுகள்." யார் செய்தாலும் இதே வரிதான் வரும். நீங்கள் செய்தது அதில் எங்கே?

"கூட்டக் குறிப்பு எடுத்தல்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "ஐந்து பிரிவுகள் பங்கேற்கும் வாராந்தரக் கூட்டத்தின் முடிவுகளைப் பட்டியலிட்டு, பொறுப்பாளர், கெடு ஆகியவற்றோடு பின்தொடர்ந்தேன், நிலுவையில் உள்ளவற்றை மாதம் ஒருமுறை தலைமைக்கு அறிக்கையாகக் கொடுத்தேன்." "சப்ளையர்களுடன் தொடர்பு" என்பதை: "14 பராமரிப்பு ஒப்பந்தங்களின் கெடுப் பட்டியலை உருவாக்கினேன், புதுப்பிக்கும் முன் மாற்று விலைப்புள்ளி வாங்கும் முறையைத் தொடங்கினேன்." உங்கள் வாக்கியத்தில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். மிச்சப்படுத்திய பணம் தெரியாவிட்டால் எத்தனை பேர், எத்தனை பிரிவு, வாரத்துக்கு எத்தனை தடவை என்று அளவைச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அது நொறுங்கும்.

பதவிப் பெயரை மாற்றக் கூடாது. சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும். "நிர்வாக உதவியாளர்" என்றே போட்டு, அதற்குக் கீழே ஒரு வரியில் "கொள்முதல், ஒப்பந்தப் பின்தொடர்தல் பொறுப்புகளுடன்" என்று சேருங்கள். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேக்களை மென்பொருளில் ஏற்றித் தேடுகிறார்கள் என்பதால், விளம்பரத்தில் உள்ள சொற்களிலேயே உங்கள் அனுபவத்தைச் சொல்வதும் உதவும்.

இன்டர்வியூ

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "நீங்க இதுவரைக்கும் நிர்வாக வேலையிலதானே இருந்திருக்கீங்க?" முகம் சுருங்கிவிடக் கூடாது. மன்னிப்புக் கேட்கும் குரலில் பதில் சொல்லவும் கூடாது. "ஆமாம், அங்கதான் இதைக் கத்துக்கிட்டேன்" என்று தொடங்கி, நீங்கள் வாங்கிச் செய்த அந்தத் துண்டு வேலையின் கதையைச் சொல்லுங்கள். நிலைமை எப்படி இருந்தது, நான் என்ன முடிவெடுத்தேன், ஏன், என்ன நடந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். மூன்று நிமிடத்துக்குள்.

அந்தக் கதையை வீட்டில் சத்தமாகச் சொல்லி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்டபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. "நான்" என்ற சொல்லே வரவில்லை. "சார் சொன்னார்", "டீம்ல முடிவு பண்ணாங்க", "அது சரி செய்யப்பட்டது". பல வருடம் அடுத்தவர் பெயரில் கடிதம் எழுதியவர்களுக்கு வருகிற பழக்கம் இது. உங்கள் முடிவு என்றால் "நான் முடிவு பண்ணேன்" என்று வாய் திறந்து சொல்லப் பழகுங்கள். முதல் பத்து தடவை பொய் சொல்வது போலவே இருக்கும். அது பொய் இல்லை.

உள்ளேயா, வெளியேயா

இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே பிரிவு மாறுவது எளிது. உங்களை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இந்த சீட்டை யார் பார்ப்பது" என்ற கேள்வி அங்கேதான் வரும். அதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். உங்கள் வேலை ஒவ்வொன்றையும் வேறொருவர் பார்த்துச் செய்யும்படி எழுதிவையுங்கள்: எந்த நாளில், யாரிடம், எந்த ஃபைல், எங்கே தடுமாறும். ஒரு கனமான கையேடு ஆகிவிடும். தன்னை ஈடு செய்ய முடியாதவராக வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதுதான் ஆளை அதே நாற்காலியில் கட்டிப்போடுகிறது.

வெளியே போவதானால், கையில் எழுத்துபூர்வமான வேலை உத்தரவு வரும்வரை இருப்பதை விடாதீர்கள். மூத்த நிர்வாக உதவியாளரின் சம்பளத்தைவிடப் புதுத் துறையின் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். குறைந்த சம்பளத்தில் எத்தனை மாதம் குடும்பம் நடக்கும் என்று உண்மையான செலவை வைத்துக் கணக்குப் போடுங்கள்; வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். பதவிப் பெயர் ஒரு படி இறங்கினால் நான் கவலைப்பட மாட்டேன். பொறுப்பு இறங்கினால் போகாதீர்கள். "கோஆர்டினேட்டர்" என்று பெயர் வைத்து மறுபடி காலண்டர் பார்க்க வைக்கும் இடங்கள் உண்டு. "முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்?" என்று இன்டர்வியூவிலேயே கேட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் மாதங்களில் நாமே மந்தமாகிவிட்டது போலத் தோன்றும். பழைய இடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவர், இங்கே துறையின் சுருக்கப் பெயர்களுக்கே அர்த்தம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேட்ட ஒவ்வொரு சொல்லையும் ஒரு பட்டியலில் எழுதுங்கள். மூன்றாவது மாதம் அதைத் திருப்பிப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

பழைய வேலை பின்னாலேயே வரும். புது வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு கூட்டத்தில் எனக்கு அது நடந்தது. "உங்களுக்குத்தான் நல்லா வருமே, மினிட்ஸ் நீங்களே எடுத்துடுங்களேன்." அன்பாகத்தான் கேட்டார்கள். அன்று எடுத்தேன், அடுத்த வாரமும் எடுத்தேன். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்ததால், நான் சொல்ல வேண்டிய விலை ஒப்பீட்டை வேறொருவர் சொல்லிவிட்டார். அதற்கும் அடுத்த வாரம் கூட்டம் தொடங்கும் முன்பே, "இனிமே வாரம் ஒருத்தர் எடுக்கலாமா? பேர் வரிசையில வெச்சுக்கலாம், இந்த வாரம் உங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நோட்டைத் தள்ளினேன். யாரும் மறுக்கவில்லை. என் முறை ஆறு வாரம் கழித்து வந்தது.